வீட்டுக்குப் பெயர் வைத்தவர்கள்



பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பிரித்து ‘ஹவுஸ்’ என்கிறார்கள். விளையாட்டு விழாவுக்கான ஏற்பாடு என்று பெரும்பாலோர் இதைக் கடந்துவிடுகிறோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலிருந்து பேசும் நாம் அப்படிக் கடந்துவிட முடியாது. ஒரு பெயருக்காக ஊர் பற்றி எரிந்ததைப் பார்த்த மண் இது.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பழைய விடுதிப் பள்ளிகளில் ‘ஹவுஸ்’ என்றால் பிள்ளைகள் உண்டு உறங்கிய வீடுதான். பல வீடுகளுக்கு அதை நடத்திய ஆசிரியரின் பெயரே நிலைத்தது. இந்தியாவுக்கு வந்தபோது வீட்டுக்குப் பெயர் வைக்கும் உரிமை பணத்திடம் போனது. 1935இல் டேராடூனில் தொடங்கிய டூன் பள்ளியின் பழைய இல்லங்களைப் பாருங்கள்: ஹைதராபாத், காஷ்மீர், ஜெய்ப்பூர், டாடா. மூன்று சமஸ்தானங்கள், ஒரு தொழில் குடும்பம். கொடுத்தவர் பெயர் சுவரில் ஏறியது.

தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் சேரர், சோழர், பாண்டியர், பல்லவர் என்றார்கள். கொடையாளர் பெயரைவிட இது தமிழ்ப் பெருமை என்று தோன்றும். ஆனால் நம் தென்மாவட்டங்களில் மூவேந்தரும் சும்மா இருப்பவர்கள் அல்லர். பாண்டியன் எங்கள் பாட்டன் என்று உரிமை கொண்டாடாத சாதிச் சங்கம் எது? சுவரொட்டியில் அரசன் படத்துக்குக் கீழே சாதிப் பெயர் போடும் ஊரில், சட்டையில் ‘பாண்டியர்’ என்று குத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அது வெறும் அணிப் பெயராக இருக்காது.

இதே நான்கு பெயர்கள் 1972இல் பேருந்துகளிலும் ஏறின. பல்லவன், பாண்டியன், சோழன், சேரன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. பிறகு கட்டபொம்மன் வந்தார், மருதுபாண்டியர் வந்தார், ராணி மங்கம்மாள் வந்தார். யாரும் பேருந்தை விட்டு இறங்கவில்லை. 1997இல் விருதுநகரை மையமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளையனை எதிர்த்து மாண்டவர், தேவேந்திரகுலத்தவர். கட்டபொம்மன் பேருந்தில் ஏறியவர்கள், அவருடைய தளபதியின் பேருந்தில் ஏற மறுத்தார்கள். பேருந்துகள் தாக்கப்பட்டன. கலவரம் நம் இரு ஊர்களின் சுற்றுவட்டாரத்திலும் பரவி உயிர்களைக் குடித்தது.

அரசு என்ன செய்தது? அந்த ஒரு பெயரைக் காக்கவில்லை. 1997 ஜூலையில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை நீக்கியது. நம் காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்படித்தான். எல்லாருக்கும் பொதுவான தீர்வு என்று இதைப் பாராட்டியவர்கள் உண்டு. நாம் அப்படிப் பார்க்கவில்லை. தலித் ஒருவர் பெயர் வரிசையில் சேரும்வரை வரிசை இருந்தது. சேர்ந்ததும் வரிசையே கலைக்கப்பட்டது.

பள்ளிக்குத் திரும்புவோம். அங்கே இல்லத்தின் நிறத்தைவிட மணிக்கட்டின் நிறம் வலுவானது. சாதிக் கயிறு பற்றி 2019இல் பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது: கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்று. அந்த ஆண்டு நவம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு ‘மகிழ் முற்றம்’ வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து இல்லங்கள். அரசன் இல்லை, தலைவர் இல்லை. யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்ற கணக்கு இதில் இருப்பதாகவே நமக்குப் படுகிறது.

திணை வெறும் நிலமும் பூவுமா? நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் ஒவ்வொரு திணைக்கும் மக்களைச் சொல்கிறது: குறிஞ்சிக்குக் குறவர், முல்லைக்கு ஆயர், மருதத்துக்கு உழவர், கடையர், நெய்தலுக்குப் பரதர், பாலைக்கு எயினர், மறவர். மருத நில மக்கள் நாங்களே என்பது தேவேந்திரகுலத்தவரின் நெடுநாள் வாதம். பாலையின் மறவரைத் தம் முன்னோராகச் சொல்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். மருத இல்லத்துக்கும் பாலை இல்லத்துக்கும் கபடிப் போட்டி என்றால், நம் வட்டாரத்தில் அதை வேறு மாதிரி வாசிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். செண்பகத்தோப்பில் மலையடியில் வாழும் பளியர் வீட்டுப் பிள்ளையைக் ‘குறிஞ்சி’யில் போட்டால் பொருத்தம் என்று ஓர் ஆசிரியர் நல்லெண்ணத்தோடே நினைக்கலாம். அந்தப் பொருத்தம்தான் ஆபத்து.

ஆகவே பெயரைவிடப் பெரிய கேள்வி, எந்தப் பிள்ளை எந்த இல்லம் என்று தீர்மானிப்பது யார் என்பது. தெருவை வைத்தா, அண்ணன் இருந்த இல்லத்தை வைத்தா, நண்பர்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்வதை வைத்தா? மூன்றும் பிறப்பிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். எல்லார் முன்னிலையிலும் எடுக்கும் குலுக்குச் சீட்டுக்குச் சாதி தெரியாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நம் பெற்றோர்கள் கேட்க வேண்டியது இதை.

இன்னொன்றையும் கேட்கலாம். தொல்காப்பியம் அடுக்கும் கருப்பொருள்களில் தெய்வம், உணவு, மரத்தோடு பறையும் இருக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு மணமுழவும் நெல்லரிகிணையும், நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. பறை இல்லாத திணை கிடையாது. ஒரு சாதியின் தலையில் மட்டும் கட்டி, சாவு வீட்டு வாசலில் நிறுத்தப்பட்ட கருவி, இலக்கணத்தில் ஐந்து நிலத்துக்கும் சொந்தம். இல்லப் பலகையில் பூவை வரைகிறவர்கள் பக்கத்தில் பறையையும் வரையட்டும். விளையாட்டு விழா அணிவகுப்பில் ஒவ்வொரு இல்லமும் பறை கொட்டி வரட்டும். யார் கையில் பறையைக் கொடுப்பது என்று வரும்போது, ‘உனக்குத்தான் அடிக்கத் தெரியுமே’ என்று நம் பிள்ளையைக் கூப்பிடக் கூடாது. அதற்கும் சீட்டுப் போடுங்கள்.