சிறைக்கோட்டமும் முதியோர் இல்லமும்

நம் முதியோர் இல்லத்தின் பொன்விழா மலருக்கு முதியோர் உறைவிடம், பராமரிப்பு பற்றிய ஆய்வுகள் குறித்து எழுதித் தருமாறு விழாக்குழுவினர் பணித்தார்கள். தட்ட முடியாத பணிப்பு. இல்லம் எழுந்த கதையையும் புரவலர்களின் கொடைத்திறத்தையும் நம்மவர் அனைவரும் அறிவர், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதுமை ஆய்வின் முதல் கேள்வி புறநானூற்றிலேயே கேட்கப்பட்டுவிட்டது. கோப்பெருஞ்சோழனுக்காக உயிர்விட வந்த பிசிராந்தையாரிடம், 'ஆண்டுகள் பல ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி?' என்றார்கள் சான்றோர். 191ஆம் பாட்டு அவர் தந்த மறுமொழி. மாண்புடைய மனைவி மக்கள், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாது காக்கும் வேந்தன், இவற்றுக்கெல்லாம் மேலாக ஊர் நிறைந்த சான்றோர். மருந்தும் இல்லை, காயகற்பமும் இல்லை. வீடு, பணிவிடை, அரசு, அயலார் என்று இன்றைய சமூக முதுமையியல் பகுத்துப் பார்ப்பவை அத்தனையும் அந்த ஒரு பாட்டில் அடங்கிவிட்டன. பேராசிரியர்கள் பொறுத்தருள்க!

இதே உண்மையை வீடு வீடாகப் போய்க் கண்டவர் பிரிட்டிஷ் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் (1928–2009). கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் முதியவர் 203 பேரிடம் பேசி, முதியோர் குடும்ப வாழ்வு பற்றி 1957இல் நூல் வெளியிட்டார். கூப்பிடு தூரத்தில் மகள், மடியில் பேரப்பிள்ளை, கொடுப்பதும் கொள்வதுமாக ஒரு வாழ்வு அங்கே இருந்தது. அப்படியானால் முதியோர் இல்லங்களுக்குப் போகிறவர்கள் யார்? 1958–59இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் 173 இல்லங்களை நேரில் பார்த்தார். ஓரிடத்தில் உதவியாளராகவே சேர்ந்து முதியோரைக் குளிப்பாட்டினார். மணமாகாதோர், துணையிழந்தோர், பிள்ளையற்றோர் அங்கே மிகுதி. தம் வீட்டிலேயே வாழும் அளவுக்கு உடல்வலிமை உள்ளவர்களும் பலர். அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது நோயன்று, உறவும் வீடும் இல்லாமை.

1962இல் வந்த அவருடைய 'தி லாஸ்ட் ரெஃப்யூஜ்' நூலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மணிமேகலையின் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை' நினைவில் எழும். மணிமேகலை வேண்ட, சோழன் சிறையை அறக்கோட்டமாக்கினான். அடுத்த காதையிலேயே சாத்தனார் அந்தக் கட்டடத்துக்குள் அழைத்துப் போகிறார்: புத்தர் கோயில், அறவோர் பள்ளி, அட்டில்சாலை, உண்போர் சாலை. தண்டனைக்குரிய இடம் அடியோடு வேறொன்றாகிவிட்டது. பிரிட்டனிலும் 1948இல் ஏழையர் சட்டத்தை நீக்கினார்கள். விடுதிக்காரருக்கும் விருந்தினருக்கும் உள்ள உறவே இனி இல்லங்களில் நிலவும் என்றார் அமைச்சர் அன்யூரின் பெவன். பத்தாண்டு கழித்து டவுன்சென்ட் போனபோது, ஏழையரை அடைத்து வேலை வாங்கிய பழைய கட்டடங்களே பெயர்ப்பலகை மாறி நின்றன. நீண்ட கூடங்களில் வரிசையாகக் கட்டில்கள். சொந்தப் பொருள் வைக்க இடமில்லை. தனிமையும் இல்லை, துணையும் இல்லை. நம் சாத்தனார் கண்ட மாற்றம் அங்கே வாய்க்கவில்லை என்று சொல்வதில் எனக்குச் சற்றே பெருமிதம் உண்டு, மறைப்பானேன்?

டவுன்சென்ட் எழுதிய முடிவுரை ஓர் இல்லத்தின் விழா மலருக்கு உகந்ததன்று. இத்தகைய இல்லங்கள் முதியோரின் தேவையை நிறைவு செய்யவில்லை. அவற்றின் இடத்தில் தனிக்கதவுள்ள சிறுவீடுகளும் வீடு தேடி வரும் உதவியும் வர வேண்டும் என்றார். அவர் குறிப்புகளும் ஒளிப்படங்களும் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பேணப்பட்டன. அவற்றைக் கொண்டு ஜூலியா ஜான்சன், ஷீனா ரோல்ஃப், ராண்டால் ஸ்மித் மூவரும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் அதே இல்லங்களைத் தேடிப் போய், 2010இல் நூல் எழுதினார்கள். அவர்களுக்குத் தேட உதவிய தன்னார்வலர்களில் முதியவர்களும் இருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம், ஆதரவற்ற முதியோர் 150 பேரேனும் தங்கும் இல்லம் மாவட்டந்தோறும் அமைவதைப் பற்றிப் பேசுகிறது. எண்ணிக்கை சரி. உள்ளே ஒருவருக்குத் தன் பெட்டியைப் பூட்டி வைக்க இடமுண்டா, நினைத்த நேரத்தில் வெளியே போய்வர முடியுமா என்று கேட்கும் இளைய ஆய்வாளர்கள் நமக்கு வேண்டும். நிர்வாகப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஐம்பதாண்டுச் சேர்க்கைப் பதிவேடுகள் அலமாரியில் கரையானுக்கு இரையாக வேண்டாம். பெயர்களை மறைத்து, பல்கலைக்கழக மாணவர்களுக்கு அவற்றைத் திறந்துவிடுங்கள். இல்லத்தில் இருக்கும் பெரியவர்களையும் அந்த ஆய்வில் உடன் அமர்த்துங்கள்.