முதியோருக்கு மலக்குடல் புற்றுநோய்: அறுவை சிகிச்சைக்கு முந்தைய கதிர்வீச்சு சிகிச்சை

பெருங்குடலின் கடைசிப் பகுதியான மலக்குடல் சுமார் 15 செ.மீ. நீளமுடையது. இது குறுகலான இடுப்பெலும்புக் கூட்டுக்குள், சிறுநீர்ப்பைக்கும் கருப்பை அல்லது புராஸ்டேட் சுரப்பிக்கும் மிக அருகில் அமைந்துள்ளது. எனவே கட்டியைச் சுற்றிப் போதிய இடைவெளி விட்டு அகற்றுவது எளிதன்று. எஞ்சிய புற்றுநோய்ச் செல்கள் அதே இடத்தில் மீண்டும் வளரக்கூடும். அதைத் தடுப்பதற்காகவே பலருக்கு அறுவை சிகிச்சைக்கு முன் கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது.

முதியவர் ஒருவருக்கு இது பரிந்துரைக்கப்படும்போது, “இந்த வயதில் உடல் தாங்குமா?” என்னும் கேள்வி குடும்பத்தில் எழுவது இயல்பு. வயதைக் கொண்டு மட்டும் இக்கேள்விக்கு விடை காண இயலாது. நோயின் நிலை, உடலின் வலு, நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

யாருக்குத் தேவைப்படுகிறது?

திசுப் பரிசோதனையில் நோய் உறுதியான பின், இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ., மார்பு மற்றும் வயிற்றுப் பகுதி சி.டி. ஸ்கேன் ஆகியவை எடுக்கப்படும். தொடக்க நிலைக் கட்டியெனில் பெரும்பாலும் நேரடியாக அறுவை சிகிச்சை செய்யப்படும். கீழ்க்காணும் நிலைகளில் கதிர்வீச்சு பரிசீலிக்கப்படுகிறது:

• கட்டி குடற்சுவரைத் தாண்டி வளர்ந்திருத்தல்
• அறுவை சிகிச்சையின் வெட்டு எல்லைக்கு மிக அருகில் கட்டி இருத்தல்
• அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருத்தல்
• கட்டி ஆசனவாய்க்கு அருகில் இருத்தல்

பயன் என்ன?

நெதர்லாந்தின் தலைமையில் 1,861 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சு பெற்றோரில் 2.4 சதவீதத்தினருக்கும், அறுவை சிகிச்சை மட்டும் பெற்றோரில் 8.2 சதவீதத்தினருக்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் அதே இடத்தில் திரும்பியது. ஆனால் அக்காலத்திற்குள் உயிர் வாழ்ந்தோரின் விகிதத்தில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

இதன் பொருளைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இச்சிகிச்சையின் முதன்மைப் பயன் இடுப்புப் பகுதியில் நோய் மீள்வதைக் குறைப்பதாகும். அவ்வாறு மீளும் நோய் தீராத வலியையும் இரத்தப்போக்கையும் தரக்கூடியது. மீண்டும் அறுவை சிகிச்சை செய்வதும் கடினம். ஆயினும், ஆயுள் நிச்சயமாக நீளும் என்று எல்லோருக்கும் உறுதி கூற இயலாது. நோய் மீளும் அபாயம் குறைவாக உள்ள முதியவருக்குக் கதிர்வீச்சைத் தவிர்ப்பதும் நியாயமான முடிவாக அமையலாம்.

இரண்டு முறைகள்

குறுகிய கால முறை: நாளொன்றுக்கு 5 கிரே வீதம் ஐந்து நாட்களில் மொத்தம் 25 கிரே அளிக்கப்படும். அந்நாட்களில் கீமோதெரபி கிடையாது. அறுவை சிகிச்சை ஒரு வாரத்திற்குள்ளோ, 4 முதல் 8 வாரங்கள் கழித்தோ நடைபெறும். சுவீடனில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், காத்திருந்து அறுவை சிகிச்சை பெற்றோருக்கு அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறைவாக இருந்தன. உடல் தேறவும் இந்த இடைவெளி உதவும்.

நீண்ட கால முறை: வாரம் ஐந்து நாட்கள் வீதம் 25 முதல் 28 அமர்வுகளில் 45 முதல் 50.4 கிரே வரை அளிக்கப்படும். உடன் பெரும்பாலும் கேப்சிடபின் மாத்திரை தரப்படும். சில வாரங்கள் கழித்து அறுவை சிகிச்சை நடைபெறும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு இம்மாத்திரையின் அளவைக் குறைக்கவோ தவிர்க்கவோ நேரிடும்.

ஐந்தே நாட்களில் முடிவதாலும், பயணமும் மருந்தின் சுமையும் குறைவதாலும், குறுகிய கால முறை பல முதியோருக்கு ஏற்றதாக அமைகிறது. சிலருக்குச் சிகிச்சைக்குப் பின் கட்டி முழுமையாக மறைந்துவிடுவதும் உண்டு. அத்தகையோரை, குறிப்பாக அறுவை சிகிச்சையின் ஆபத்து மிகுந்தவர்களை, அறுவை செய்யாமல் நெருக்கமாகக் கண்காணிப்பது குறித்து மருத்துவரிடம் கேட்கலாம்.

உடல் வலுவை மதிப்பிடுதல்

75 வயதிலும் தன் வேலைகளைத் தானே செய்பவரும், 68 வயதில் இதய நோயால் படுத்திருப்பவரும் ஒரே அளவில் சிகிச்சையைத் தாங்கமாட்டார்கள். எனவே நடை, அன்றாடச் செயல்கள், நினைவாற்றல், எடை இழப்பு, உட்கொள்ளும் மருந்துகள், இதயம் மற்றும் சிறுநீரகத்தின் நிலை ஆகியவை மதிப்பிடப்படும். குறைபாடு காணப்படுவதாலேயே சிகிச்சை மறுக்கப்படுவதில்லை. இரத்தசோகையைச் சரிசெய்தல், புரதம் நிறைந்த உணவு, சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்துதல், தினமும் நடத்தல், புகையிலையைக் கைவிடுதல் ஆகியவற்றால் உடலைத் தயார்படுத்த இயலும்.

பக்க விளைவுகள்

சிகிச்சையின்போதும் அடுத்த சில வாரங்களிலும்: சோர்வு, வயிற்றுப்போக்கு, மலம் கழிக்கும்போது வலி, சிறுநீர் எரிச்சல், ஆசனவாயைச் சுற்றித் தோல் புண்ணாதல். குறுகிய கால முறையில் இவை சிகிச்சை முடிந்த பின்னரே தலைகாட்டக்கூடும்.

நீண்ட காலத்தில்: அடிக்கடி மலம் கழித்தல், மலத்தை அடக்க இயலாமை, பாலுறவுச் செயல்பாட்டில் குறைவு, இடுப்பெலும்பு பலவீனமடைதல். மூட்டு வலியால் கழிப்பறைக்கு விரைந்து செல்ல இயலாத முதியவருக்கு மலத்தை அடக்க இயலாமை பெருந்துன்பமாகும். எனவே இது குறித்து முன்னரே பேசுங்கள். சிலருக்கு வயிற்றில் அமைக்கப்படும் செயற்கை மலவாயே வசதியாக இருக்கலாம்.

உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டியவை

• 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல்
• வழக்கத்தைவிட நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு
• வாந்தி, வயிறு உப்புதல், மலமும் வாயுவும் வெளியேறாமை
• சிறுநீர் குறைதல், திடீர்க் குழப்பம்
• அதிக இரத்தப்போக்கு
• கேப்சிடபின் உட்கொள்வோருக்கு நெஞ்சு வலி, வாய்ப்புண், கடும் வயிற்றுப்போக்கு: அடுத்த மாத்திரையை உட்கொள்ளாமல் மருத்துவரை அணுகவும்

நெஞ்சு வலி, மயக்கம் போன்ற அவசர நிலையில் 108 ஆம்புலன்ஸ் சேவையை அழைக்கவும்.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

• நோயின் பெயரைப் பெரியவரிடம் மறைத்துவிட்டுக் குடும்பமே முடிவெடுப்பது வழக்கமாக உள்ளது. சிகிச்சையைத் தாங்க வேண்டியவர் அவரே. எவ்வளவு அறிய விரும்புகிறார், எதை முக்கியமாகக் கருதுகிறார் என்று அவரிடமே கேளுங்கள்.
• வெளியிலிருந்து செலுத்தப்படும் இக்கதிர்வீச்சு உடலில் தங்குவதில்லை. பேரக்குழந்தைகள் அவருடன் தயக்கமின்றிப் பழகலாம்.
• சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.
• சிகிச்சை பெறும் தோலில் மருத்துவரின் ஆலோசனையின்றி எண்ணெய், பவுடர் பூச வேண்டாம்.
• தமிழ்நாட்டில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பயன் குறித்து மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. கதிர்வீச்சு இல்லாமல் அறுவை செய்தால் நோய் மீளும் வாய்ப்பு எவ்வளவு?
2. எங்களுக்கு ஐந்து நாள் முறை பொருந்துமா? இல்லையெனில் ஏன்?
3. செயற்கை மலவாய் தேவைப்படுமா? தற்காலிகமா, நிரந்தரமா?
4. அறுவைக்குப் பின் தன் வேலைகளைத் தானே செய்யும் நிலைக்கு அவர் திரும்புவாரா?

இத்தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்களுக்கான சிகிச்சையை உங்கள் புற்றுநோய் மருத்துவக் குழுவுடன் கலந்தாலோசித்து முடிவு செய்யவும்.