எப்பொழுது மணி ஒலிக்க வேண்டும்?

1812ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், இங்கிலாந்தின் வடகிழக்கே ஃபெலிங் என்னும் ஊரிலுள்ள நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. ஆடவரும் சிறுவருமாக 92 பேர் மாண்டனர். நிலக்கரிப் படைகளிலிருந்து கசியும் மெதேன் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கண்ணும் மூக்கும் உதவாவிடத்து ஆபத்தை அறிவிப்பது யார், எந்த அளவில் அறிவிப்பது என்ற வினாவே, நேயர்களே, இன்றைய பேச்சின் பொருள்.

1815ஆம் ஆண்டில் சேர் ஹம்பிரி டேவி, சுடரைக் கம்பிவலையால் மூடிய விளக்கொன்றை அமைத்தார். வலை வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதால் தீ வெளியே பரவாது. சுடரின்மேல் வெளிறிய நீலக் கவிகை தோன்றினால் வாயு உண்டென்று அறியலாம். கவிகை உயர உயர வாயு மிகுதி. ஆயினும் எவ்வளவு உயர்ந்தால் வெளியேறுவது என்பதைத் தீர்மானித்தது மனிதனின் கண்ணே. அன்றைய கூலியை நம்பியிருப்பவனின் கண் சற்றுத் தாராளமாகவே தீர்ப்பளிக்கும்.

வெடிவிபத்துகளில் மாண்டோர் பலரைக் கொன்றது காபனோரொட்சைட்டு என்பதை ஜோன் ஸ்கொட் ஹால்டேன் 1896ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டினார். அவர் யோசனையின் வழியே கனேரிப் பறவைகள் சுரங்கத்துள் இறங்கின. மனிதனுக்கு முன்பே பறவை மயங்கி வீழும். பிரித்தானியாவில் 1986 வரையும் இவ்வழக்கம் நீடித்தது. பறவையிடம் திருகிவைக்க ஆணியில்லை என்பது அதன் தனிச்சிறப்பு.

திருகாணி பின்னர் வந்தது. 1926-27இல் கலிபோர்னியாவில் ஒலிவர் ஜோன்சன் எண்ணெய்த் தாங்கிகளின் பாதுகாப்புக்காகக் கருவியொன்றை ஆக்கினார். மின்னாற் சூடேற்றிய பிளாற்றினக் கம்பியில் வாயு பட்டு எரியும். கம்பி மேலும் சூடாகி அதன் மின்தடை கூடும். அம்மாற்றத்தை முள் காட்டும். இவ்வகைக் கருவிகள் காலப்போக்கில் ஆலைகளில் நிலையாகப் பொருத்தப்பட்டன. முள்ளை எந்நேரமும் எவர் பார்த்திருப்பார்? ஆகவே றிலே என்னும் மின்னாளி அதனோடு இணைக்கப்பட்டது. குறித்த அளவு எட்டியதும் அது மணியை ஒலிப்பிக்கும். வேண்டுமாயின் எரிபொருட் குழாயையும் அடைக்கும்.

அந்த அளவைக் குறிப்பவர் மனிதரே. காற்றில் மெதேன் ஏறத்தாழ 5 வீதமாகும்போது வெடிக்கும் நிலை பிறக்கிறது. அவ்வெல்லையை 100 என்று கொண்டு, முதல் எச்சரிக்கையைப் பெரும்பாலும் 20இல், அதாவது காற்றில் 1 வீதத்தில் வைப்பர்; இரண்டாவதை 40 அளவில் வைத்து இயந்திரங்களை நிறுத்துவர். மிகத் தாழ்த்தினால் வீண் ஒலி பெருகும். உயர்த்தினால் தப்பியோட நேரம் போதாது. காரணமின்றி அடிக்கப்படும் மணிக்கு எவரும் செவிகொடார் என்பதைப் பாடசாலை நடத்தும் எனக்கு எவரும் சொல்லத் தேவையில்லை.

வேறு தெரிவுகளும் உள. வாயு அகன்ற பின்னும் ஒருவர் வந்து விடுவிக்கும்வரை றிலே தன் நிலையைப் பற்றிநிற்கச் செய்யலாம். அப்போது எவரேனும் வந்து பார்த்தே தீரவேண்டும். மேலும், வழமையான வேளையில் றிலேயில் மின் ஓடிக்கொண்டிருக்க, ஆபத்தில் அது நிற்குமாறு அமைப்பதுண்டு. கம்பி அறுந்தாலும் எச்சரிக்கை எழும். மௌனத்தை நலமென்று கொள்ளாத இவ்வேற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

2010 ஏப்பிரில் 20ஆம் நாள், மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் என்னும் எண்ணெய் அகழ்தளம் வெடித்தது. வாயு பரவுவதை உணர்கருவிகள் காட்டின. பொதுமணியோ தானாக ஒலிக்கவில்லை. அத்தளத்தின் தலைமை மின்னணுத் தொழில்நுட்பவியலாளர் அவ்வாண்டு ஜூலை மாத விசாரணையில் சாட்சியமளித்தார். கருவிகள் வாயுவை அறிந்து பதிவுசெய்யும், ஆனால் மணியைத் தாமாக இயக்கா என்னும் நிலையில் அமைப்பு வைக்கப்பட்டிருந்தது என்றார். அதிகாலை மூன்று மணிக்குப் பொய்யொலியால் உறங்குவோர் எழுப்பப்படுவதை மேலிடத்தார் விரும்பவில்லை என்பதே தமக்குச் சொல்லப்பட்ட காரணம் என்றும் கூறினார்.

வெடிப்பு நேர்ந்தது இரவு பத்து மணிக்குச் சற்று முன்னர். தளத்திலிருந்த 126 பேருள் 11 பேர் மீளவில்லை.