கண் விழிக்க மறுத்த கணினிகள்

1999ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி, திங்கட்கிழமை. ஆசியாவின் பல நகரங்களில் காலையில் வழக்கம்போல் இயங்கத் தொடங்கிய கணினிகள் திடீரென உறைந்து நின்றன. நிறுத்தி மீண்டும் இயக்கியபோது திரை கறுப்பாகவே இருந்தது. தென் கொரியாவிலும் துருக்கியிலும் பாதிக்கப்பட்ட கணினிகளின் தொகை இலட்சக்கணக்கில் மதிப்பிடப்பட்டது. தாய்வானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் என்ற மாணவர் எழுதிய வைரஸ் ஒன்றே இதற்குக் காரணம். அவருடைய பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அது சி.ஐ.எச். எனப்பட்டது. 1986இல் செர்னோபில் அணுவுலை வெடித்ததும் ஏப்ரல் 26ஆம் திகதியே என்பதால் செர்னோபில் வைரஸ் என்ற பெயரும் அதற்கு வாய்த்தது.

அந்த வைரஸ் இரண்டு வேலைகளைச் செய்தது. வன்தட்டின் முதல் 1 மெகாபைற் பகுதியை அழித்தெழுதியது. சிலவகைத் தாய்ப்பலகைகளில், கணினியை எழுப்பும் நிரல் பொதிந்திருந்த சில்லையும் சிதைத்தது. பலரும் தங்கள் கணினி முற்றாக அழிந்துவிட்டதாகவே எண்ணினர். ஆனால் முதல் 1 மெகாபைற்றுக்கு அப்பால் இருந்த ஆவணங்களிற் பெரும்பகுதி பல கணினிகளில் அப்படியே கிடந்தது. வாசல் இடிந்திருந்தது; வீடு நின்றது.

வீட்டுக் கணினி தொடங்க மறுக்கும் ஒவ்வொரு தடவையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுதான். கணினி எழும்புவது ஒரு காரியம். அது சேமித்து வைத்திருப்பது மற்றொரு காரியம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் இழந்தவையே அதிகம். இதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

சப்பாத்து வாரும் முதற் கட்டளையும்

கணினியைத் தொடக்குவதை ஆங்கிலத்தில் ‘பூட்’ செய்தல் என்பர். தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற, நடக்கவியலாத காரியத்தைக் குறிக்கும் வழக்கிலிருந்து வந்த சொல் அது. பொருத்தமான சொல்தான். தட்டிலுள்ள நிரலைப் படிக்க வேண்டுமானால் அதற்கும் ஒரு நிரல் வேண்டும். அந்த முதல் நிரல் எங்கிருந்து வருவது?

1975இல் வெளிவந்த அல்ரெயர் 8800 என்ற கணினியில் அதை மனிதரே ஊட்டினர். முகப்பிலிருந்த சிறு ஆளிகளை மேலும் கீழும் தட்டி, ஒவ்வொரு கட்டளையாக நினைவகத்தில் ஏற்றவேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் மறைந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தட்டவேண்டும். அதே காலப்பகுதியில் கேரி கில்டால், தமது சி.பி./எம். இயங்குதளத்தில் வன்பொருளோடு நேரடியாகப் பேசும் பகுதியைத் தனியே பிரித்து அதற்கு ‘பயோஸ்’ எனப் பெயரிட்டார்.

1981 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை அறிமுகப்படுத்தியபோது இம்முயற்சிகள் ஒரு நிலையான வடிவம் பெற்றன. அதன் தாய்ப்பலகையில் 40 கிலோபைற் அளவிலான அழியா நினைவகம் இருந்தது. அதில் 8 கிலோபைற் பயோஸ். மிகுதி பேசிக் மொழி. ஆளியை அழுத்தியதும் பயோஸ் விழித்து முதலில் தன்னைச் சோதிக்கும். பின்னர் நினைவகத்தையும் விசைப்பலகையையும் சோதிக்கும். எல்லாம் சரியெனில் ஒரு குறுகிய ‘பீப்’ ஒலி. இல்லையெனில் திரையில் ஓர் எண்: 201 என்றால் நினைவகத்திற் கோளாறு, 301 என்றால் விசைப்பலகை. 1983இல் வன்தட்டுடன் வந்த எக்ஸ்.ரீ. கணினியில் 1701 என்ற எண் வன்தட்டின் கோளாற்றைச் சொன்னது. சோதனை முடிந்த பின்னரே பயோஸ் தட்டின் முதற் பிரிவான 512 பைற்றைப் படித்து, அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். அது இயங்குதளத்தை அழைக்கும்.

அஞ்சலோட்டத்தில் கோல் கைமாறுவதைப் போன்றது இது. ஓட்டம் தடைப்பட்டால், கோல் யார் கையில் நின்றது என்று பார்ப்பதே பழுது காண்பதன் முதற்படி. மின்விளக்கோ விசிறியோ இயங்காவிட்டால் மின்வழங்கியிற் குறை. விசிறி சுழன்றும் திரை கறுப்பாக இருந்தால் நினைவகத்திலோ தாய்ப்பலகையிலோ குறை இருக்கலாம்; நினைவகத் தகட்டைக் கழற்றி மீண்டும் பொருத்துவதாலேயே பல கணினிகள் எழும்பியிருக்கின்றன. தயாரிப்பாளரின் சின்னம் தோன்றியபின் தட்டைக் காணவில்லை என்ற செய்தி வந்தால் வன்தட்டையோ அதன் இணைப்பையோ பார்க்கவேண்டும். விண்டோஸ் சின்னம் தோன்றியபின் நின்றால் பெரும்பாலும் இயங்குதளத்திற் சிக்கல்.

1984இல் வந்த ஏ.ரீ. கணினி, நேரத்தையும் அமைப்பு விபரங்களையும் பற்றரி கொண்டு நினைவில் வைத்திருந்தது. பற்றரி தீர்ந்தால் கணினி ஆண்டையும் திகதியையும் மறந்தது. அக்காலத்தில் தன்னுள் இருந்த வன்தட்டையே மறந்தது. நாணயமளவு பற்றரியை மாற்றினாற் போதுமான நோய்க்கு வன்தட்டையே மாற்றியவர்களும் இருந்தனர்.

லாகூரிலிருந்து வந்த விருந்தாளி

தட்டின் முதற் பிரிவை எவ்விசாரணையுமின்றி நம்பியதே இம்முறையின் பெருங்குறை. 1986இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் கணினிக் கடை நடத்திய அல்வி சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’, பிளொப்பித் தட்டின் அந்த முதற் பிரிவிலேயே குடியேறியது. ஐ.பி.எம். வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் அதுவே. எழுதியவர்களின் முகவரியும் தொலைபேசி இலக்கமும் அதற்குள் இருந்தன என்பது இன்று வியப்பைத் தரும்.

1992 மார்ச் 6ஆம் திகதி செயற்படவிருந்த ‘மைக்கலாஞ்சலோ’ வைரஸ் பற்றி உலக ஊடகங்கள் பெரும் பரபரப்பை ஏற்படுத்தின. 50 இலட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்று எழுதப்பட்டது. உண்மையிற் பாதிக்கப்பட்டவை சில ஆயிரங்களே. ஏழாண்டுகளின் பின் சி.ஐ.எச். வந்தபோது உலகின் கவனம் 2000ஆம் ஆண்டுச் சிக்கலின் மீதிருந்தது. ஓநாய் வருகிறது என்று ஊடகங்கள் கூவியபோது அது வரவில்லை. வந்தபோது போதிய கூக்குரல் எழவில்லை. எமது தொழிலில் உள்ளவர்கள் சிந்திக்க வேண்டிய விடயம் இது.

1999 முதல் சில ஆண்டுகள் வேறொரு நோய் பரவியது. தாய்ப்பலகைகளில் இருந்த அலுமினியக் கொள்ளளவிகள் சிலவற்றின் மின்பகுபொருள் தரமற்றதாக இருந்ததால், அவை தலைவீங்கி வெடித்து ஒழுகின. இக்கணினிகள் சட்டென்று சாகவில்லை. முதலில் இரண்டாவது முயற்சியில் எழும்பின, பின்னர் ஐந்தாவது முயற்சியில், ஒருநாள் எழும்பவேயில்லை. 2005இல் டெல் நிறுவனம் மட்டுமே இத்தகைய பழுதுகளுக்காக ஏறத்தாழ 30 கோடி டொலரை ஒதுக்க நேர்ந்தது. இங்கும் வன்தட்டுக்கு எதுவும் நேரவில்லை. அதைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தவர்கள் தங்கள் ஆவணங்களைப் பத்திரமாக மீட்டனர்.

எங்கள் நாட்டுக் கதை

இலங்கையில் கணினியின் பெரும் பகை மின்வெட்டு. 1996இல் வரட்சியால் நீர்மின் நிலையங்கள் தளர்ந்தபோதும், 2001இலும், பின்னர் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோதும் கணினிகள் அடிபட்டன. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் கோப்புகள் சிதையும்; மீண்டும் வரும்போது எழும் மிகை அழுத்தம் மின்வழங்கியை எரிக்கும்.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி. பாவனையிலிருந்த காலத்தில், இத்தகைய மின்வெட்டின் பின் கறுப்புத் திரையில் ஒரு செய்தி தோன்றுவது வழக்கம்: ‘சிஸ்ரம்’ என்ற கோப்பு காணப்படவில்லை அல்லது சிதைந்துள்ளது. பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான்: “ஃபோமற் அடிக்க வேணும்.” உண்மையில் அக்கோப்பின் மூலப் பிரதியொன்றை விண்டோஸ் தனது ‘ரிப்பெயார்’ என்ற கோப்புறையில் வைத்திருந்தது. அதை எடுத்து உரிய இடத்தில் வைத்தாலே பல கணினிகள் எழும்பியிருக்கும். அரைமணி நேர வேலையைத் தவிர்ப்பதற்காக, தட்டு வெறுமையாக்கப்பட்டு அதன்மீது புதிய விண்டோஸ் எழுதப்பட்டது.

பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட கவிதைத் தொகுப்புகள், ஊர்வரலாறுகள், கோயில் மலர்கள், ஒரேயொரு பிரதியாக இருந்த நேர்காணல்கள் எனப் பலவும் இவ்வாறுதான் போயின. நூலகம் எரிந்தால் ஊரே அறியும். ஃபோமற்றில் எரிந்தவற்றைப் பற்றி எவரும் எழுதவில்லை. இயந்திரம் இழப்பதற்கு முன்னரே மனிதர் அவற்றை இழந்துவிட்டனர்.

இன்று மாறியிருப்பது என்ன?

பயோஸின் இடத்தை இப்போது யூ.ஈ.எப்.ஐ. என்ற முறை எடுத்துக்கொண்டுள்ளது. அதை வளர்க்கும் மன்றம் 2005இல் அமைந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததுடன், ஒப்பமிடப்படாத தொடக்க நிரலை ஏற்க மறுக்கும் காவலும் வழக்கத்துக்கு வந்தது. லாகூர் விருந்தாளி இனி எளிதாக உள்நுழைய முடியாது.

ஆனால் ஒரு பழைய ஆறுதல் எம்மை விட்டு நீங்கிவருகிறது. பல புதிய கணினிகளில் சேமிப்பகம் முழுவதும் குறியாக்கம் செய்யப்படுகிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் பதிப்பு, புதிதாக நிறுவும்போதே பல கணினிகளில் இதைத் தானாக இயக்கிவிடுகிறது. அத்தகைய தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தாலும் 48 இலக்க மீட்புச் சாவி இன்றி ஒரு வரியும் படிக்க இயலாது. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தலால் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது உலகம் இதைக் கண்டது. ஒரேயொரு கோப்பை நீக்கினாற் போதும். ஆனால் அச்சாவியைத் தேடியே பல நிறுவனங்கள் நாட்களைச் செலவிட்டன. வீட்டுக் கணினிகள் அன்று பெரும்பாலும் தப்பின. அடுத்த முறை எப்படியோ தெரியாது.

ஆகவே, உங்கள் கணினி இன்று நன்றாக இயங்குகிறதென்றால் இன்றே மீட்புச் சாவியைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதி வையுங்கள். முக்கியமான ஆவணங்களுக்கு வெளித்தட்டில் ஒரு பிரதி எடுங்கள். நாளை அது எழும்ப மறுத்தால், ஓட்டத்தின் கோல் எங்கே நின்றது என்று வரிசையாகப் பாருங்கள். கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் முதலிற் சொல்ல வேண்டியது ஒன்றே: “உள்ளே இருப்பதை எடுத்துத் தந்த பிறகு மற்றதைச் செய்யுங்கள்.”