அடுக்கும் சுழலும்: நுஸ்ரத் ஃபதே அலி கானின் குரல் மின்னிசைக்குள் நுழைந்த வரலாறு

1990இல் வெளிவந்த ‘மஸ்த் மஸ்த்’ என்னும் இசைத்தொகுப்பு உருவானபோது ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. பீட்டர் கேப்ரியல் 1989இல் தொடங்கிய ரியல் வேர்ல்ட் நிறுவனத்திற்காகப் பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானும் கனடாவைச் சேர்ந்த இசைக்கலைஞர் மைக்கேல் புரூக்கும் இணைந்து உருவாக்கிய தொகுப்பு அது. நீண்ட பாடல்களைச் சில நிமிட அளவுக்குச் சுருக்க ஒலிப்பதிவை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. அந்த வெட்டுகளுள் சிலவற்றை நுஸ்ரத் ஏற்கவில்லை. சில இடங்களில் தொடர் பாதியில் முறிந்து சொற்கள் பொருளற்றுப் போயிருந்தன. சொற்களே இல்லாத, வெறும் சுரங்களைப் பாடிய இடங்களிலும் விரிந்து கொண்டிருந்த ஒரு கருத்து இடையில் அறுபட்டிருந்தது. இதைப் பிற்காலத்தில் விவரித்தவர் புரூக்கே. இரு தரப்பும் பேசி ஒரு நடுவழியைக் கண்டன.

சிறிய நிகழ்ச்சிதான். ஆயினும், பழம்பெரும் பாடகரின் குரலை மின்னிசைக்கு மாற்றும்போது எது இழக்கப்படுகிறது என்னும் கேள்விக்கு விடை இதில் அடங்கியிருக்கிறது. இழப்பு தூய்மையைப் பற்றியது என்றே பலரும் கருதுவர். மின்முரசும் கிதாரும் சேர்ந்ததை நுஸ்ரத் எதிர்க்கவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவர் எதிர்த்தது தவறான இடத்தில் விழுந்த வெட்டைத்தான்.

கவ்வாலியின் இலக்கணத்தில் ‘தக்ரார்’ என்னும் திரும்பச் சொல்லல் மையமானது. இசையியலாளர் ரெகுலா புர்க்ஹார்ட் குரேஷி 1986இல் வெளியிட்ட ஆய்வுநூல், இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நிகழும் சமா அவைகளில் இது எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்குகிறது. கேட்போருள் ஒருவர் ஒரு சொற்றொடரால் ஆட்கொள்ளப்பட்டால், பாடகர் அதைக் கண்டு அதே தொடரைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். அந்நிலை தணியும்வரை அவர் அடுத்த அடிக்குச் செல்லக் கூடாது. 1235இல் தில்லியில் சூஃபி ஞானி குத்புத்தீன் பக்தியார் காக்கி மறைந்ததைப் பற்றிய மரபுவழிச் செய்தியும் இதையே உணர்த்துகிறது. அகமது ஜாமின் பாரசீக ஈரடி ஒன்றைக் கேட்டு மெய்ம்மறந்த அவர், நாள்கணக்கில் அந்நிலையிலேயே இருந்து உயிர் துறந்தார் என்பர். எத்தனை முறை பாடுவது என்பதைப் பாடகர் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. கேட்பவரின் மெய்ப்பாடே அதைத் தீர்மானிக்கிறது.

தமிழ் இலக்கண மரபு இதைப் புரிந்துகொள்ள உதவும். ஒரு சொல் அடுக்கி வருவதைத் தொல்காப்பியர் இசைநிறை, அசைநிலை, பொருளொடு புணர்தல் என மூவகைப்படுத்துகிறார். பொருளுக்காக அடுக்குவதும் இசையை நிரப்ப அடுக்குவதும் வெளித்தோற்றத்தில் ஒன்றே, பயனில் வேறானவை. தக்ரார் முதல் வகையைச் சார்ந்தது. மின்னிசையின் சுழல் இரண்டாம் வகையை நோக்கி நகர்கிறது.

‘மஸ்த்’ என்னும் பாரசீகச் சொல்லின் பயணம் இதற்குச் சான்று. சிந்து மாகாணத்துச் சேவானில் அடங்கியுள்ள லால் ஷாபாஸ் கலந்தரைப் போற்றும் பாடல் மரபில் அச்சொல் இறைப்போதையில் தன்னை மறந்த நிலையைக் குறிக்கும். இசைத்தொகுப்பின் இறுதியில் பிரிஸ்டல் நகரின் மாஸிவ் அட்டாக் குழுவினர் செய்த மறுகலவை இடம்பெற்றது. ஆழ்ந்த பேஸ் ஒலியும் தளர்ந்த தாளமும் கொண்ட அதில், குரலின் சில துணுக்குகளே எஞ்சின. உருது, பஞ்சாபி அறியாத நடன அரங்குகளில் அடுக்கு இசைநிறையாகவே ஒலித்தது. 1994இல் வந்த ‘மோஹ்ரா’ இந்திப் படத்தில் அதே அடுக்கு ஒரு பெண்ணின் கவர்ச்சியை வியக்கும் சொல்லாயிற்று. 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின்போது அப்பாடல் குளிர்பான விளம்பரத்திலும் ஒலித்தது. ஆறே ஆண்டுகளில் ஒரு சொல் தர்காவிலிருந்து சந்தைக்கு வந்து சேர்ந்தது.

இதைச் சீரழிவு என்று மட்டும் எழுதிவிடுவது வரலாறு ஆகாது. நுஸ்ரத்தின் கவ்வாலி அதற்கு முன்பே பலமுறை வெட்டப்பட்டிருந்தது. மணிக்கணக்கில் நீளும் பாடல் இசைத்தட்டுக்குள்ளும் பின்னர் ஒலிநாடாவின் ஒரு பக்கத்துக்குள்ளும் அடங்க வேண்டியிருந்தது. பர்மிங்காமின் ஓரியண்டல் ஸ்டார் ஏஜென்சீஸ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடாக்களே பிரிட்டனில் குடியேறிய பஞ்சாபியரிடம் அவரைக் கொண்டு சேர்த்தன. எசெக்ஸ் மாவட்டத்து மெர்சி தீவில் 1985இல் நடந்த வோமாட் விழா மேலை அவையினருக்கு அவரை அறிமுகப்படுத்தியது. பாலி சாகுவின் மறுகலவைத் தொகுப்பு 1991இல் வந்தது. அதைக் கேட்டவர்களுள் பலர் பெற்றோரின் ஒலிநாடாக்களில் அக்குரலைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள்.

1997இல் வெளிவந்த ‘ஸ்டார் ரைஸ்’ இந்தத் தலைமுறையின் ஆவணம். தல்வின் சிங், நிதின் சாஹ்னி, ஜோய், ஸ்டேட் ஆஃப் பெங்கால், ஏஷியன் டப் ஃபவுண்டேஷன் முதலியோர் அதில் நுஸ்ரத்–புரூக் பாடல்களை மறுகலவை செய்தனர். பாடல் வரிகள் முழுமையாகப் புரியாவிடினும் அக்குரலை அவர்களுள் பலர் தம் வீட்டுக்குரலாகவே கருதினர். தொகுப்பு வெளிவருவதற்கு முன்பே, அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று நுஸ்ரத் தம் 48ஆம் அகவையில் இலண்டனில் காலமானார். அதே மாதத்தில் வந்த ஏ. ஆர். ரகுமானின் ‘வந்தே மாதரம்’ தொகுப்பில் அவர் ரகுமானுடன் இணைந்து பாடியிருந்தார்.

பத்தாண்டுகளுக்குப் பின், 2007இல், இத்தாலியில் பிறந்து இலண்டனில் பணியாற்றும் காவ்டி ‘டப் கவ்வாலி’ தொகுப்பை வெளியிட்டார். பைசலாபாத்தின் ரஹ்மத் கிராமபோன் ஹவுஸ் நிறுவனத்திற்காக நுஸ்ரத் இளமையில் பாடிய பதிவுகள் அதற்கு அடிப்படையாயின. செய்நேர்த்தி மிக்க தொகுப்பு அது. ஆயினும் 1990க்கும் 2007க்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. முன்னதில், “இந்த இடத்தில் வெட்டக் கூடாது” என்று சொல்லப் பாடகர் இருந்தார்.

நடன அரங்கில் நேரடியாக இசைக்கும் டிஜேயும் அவையோரின் உடலசைவைக் கண்டே ஒரு சுழலை நீட்டுகிறார், குறுக்குகிறார். அவ்வகையில் அவர் தக்ராரின் தருக்கத்திற்கு மிக அருகில் நிற்கிறார். பதிவாகி உறைந்த மறுகலவையிலோ எண்ணிக்கை முன்னரே முடிவாகிவிடுகிறது. கேட்பவரின் மெய்ப்பாட்டால் அதை மாற்ற இயலாது. எனவே கவ்வாலியிலிருந்து மின்னிசைக்குச் செல்லும்போது திரும்பச் சொல்லல் அழியவில்லை; அதன்மீதான அதிகாரமே கைமாறியது.

1990ஆம் ஆண்டின் ஒலிப்பதிவு ஒன்று காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டு ‘செயின் ஆஃப் லைட்’ என்னும் பெயரில் 2024இல் வெளியானது. பழைய பதிவுகளிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருளும் இன்று எவர் கைக்கும் எட்டுகிறது. மறுகலவைகள் இனியும் பெருகும், பெருகுவதில் தவறில்லை. ஒரு தொடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த அடுக்கு பொருளுக்கு, எந்த அடுக்கு இசைக்கு என்று அறிந்தவர் ஒருவர் வெட்டும் மேசையருகே இருக்க வேண்டும். பாடகர் மறைந்த பின் அப்பொறுப்பு மொழியறிந்தவர்களுக்கும் உரியது.