அருமண்: அரிதுமல்ல, மண்ணுமல்ல

காட்டுப்பாக்கத்தில் காடு இல்லை. பாக்கம் என்பது பழம்பாடல்களில் பெரும்பாலும் கடலோர ஊர். கடலும் பக்கத்தில் இல்லை. பூந்தமல்லி சாலையில் நெரிசல்தான் உண்டு. பொருள் போனபின்னும் பெயர் நிற்பது ஊர்களுக்கு மட்டும் நேர்வதல்ல.

இங்கே காயலான் கடையில் ஹார்ட் டிஸ்கைப் பிரித்தால் பிறை வடிவக் காந்தம் ஒன்று வரும். அதில் உள்ள நியோடிமியத்தையும் அதன் உறவுகளையும் தமிழில் அருமண் என்கிறோம், 'ரேர் எர்த்' என்பதற்கு ஈடாக. நீரில் கரையாத, நெருப்பில் மாறாத ஆக்சைடுகளை 'மண்' என்பது 18ஆம் நூற்றாண்டு வேதியியலாரின் வழக்கம். சுவீடனின் இட்டர்பியில் கிடைத்த கரிய கல்லொன்றில் 1794இல் கடோலின் கண்டதும் அப்படியொரு 'மண்'தான். வேறெங்கும் தெரியாததால் அரிதென்றார்கள். ஆனால் சீரியம் பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய செம்பளவு இருக்கிறது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து 1909இல் ஜெர்மானியர் ஷோம்பர்க் அதன் தாதுவைக் கண்டுகொண்டார்.

அப்படியானால் பெயர் பிழையா? ஆங்கிலத்தில் பிழை. தமிழில் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 'அரு' என்பது கிடைத்தற்கு மட்டுமா அரிது? அருஞ்சுரம் கடக்க அரியது, அருஞ்சொல் விளங்க அரியது. மொழிபெயர்த்தவர் நினைத்தாரோ இல்லையோ, அந்த இரண்டாம் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது: இவை பிரித்தற்கு அரியவை. ஒரே வேதிக் குணம், இம்மியளவு மாறும் அயனி அளவு. 1839இல் சீரியத்துக்குள்ளிருந்து அகப்பட்டதற்கு மொசாண்டர் லாந்தனம், 'ஒளிந்திருப்பது', என்று கிரேக்கத்தில் பெயரிட்டார். ஒரே தனிமம் என்று நம்பிய டிடிமியம் 1885இல் இரண்டானபோது, ஒன்று நியோடிமியம், 'புது இரட்டை'. 1886இல் வந்த டிஸ்புரோசியமோ 'எட்டுதற்கு அரியது'. பெயர் வைத்தவர்களின் அலுப்பு அப்படியே தெரிகிறது. இத்தனையும் கூடிக் கிடக்கும் தாதுவுக்கு மோனசைட், 'தனித்திருப்பது', என்று பெயர் வைத்ததுதான் வேடிக்கை.

கரைப்பான்களில் திரும்பத் திரும்ப அலசித்தான் ஆலைகள் இவற்றைப் பிரிக்கின்றன. 2018இல் அமெரிக்காவில் வேதியியலாளர் கொட்ருவோவின் குழு, ஒரு பாக்டீரியாவில் அருமண்களான லாந்தனைடுகளை மட்டும் தேடிப் பற்றும் சிறு புரதத்தைக் கண்டது. கால்சியம் பற்றும் கால்மோடுலினின் சாயலில் அதற்கு லான்மோடுலின் என்று பெயர். அதன் பற்றும் வளையம் ஒவ்வொன்றும் 12 அமினோ அமிலத் துண்டு. நிலக்கரிச் சாம்பலைக் கரைத்த அமிலத்திலிருந்தும் இந்தப் புரதம் அருமண்ணைப் பொறுக்கி எடுத்தது. ஓக் மரத்துளிரில் வாழும் இன்னொரு பாக்டீரியாவின் புரதம், 2023இல், நியோடிமியத்தையும் டிஸ்புரோசியத்தையும் ஒரே கட்டத்தில் பிரித்துக் காட்டியது. காந்தங்களில் கூடிக் கிடப்பவை அவை இரண்டும்தான்.