பள்ளித் தொலைவழிப் பாடங்களில் ஆசிரியரின் இடம்: வானொலி முதல் தீக்ஷா வரை

சென்னை மாநகராட்சி 1930இல் தொடங்கிய வானொலி நிலையம், பள்ளி நாள்களில் மாலை 4 மணி முதல் 4.30 மணி வரை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்காக இசைப் பாடங்களையும் கதைகளையும் ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் மாநகராட்சியின் ஒலிபரப்பு நின்றது. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தொலைவிலிருந்து வந்த பாடத்தின் வரலாற்றை அந்த அரை மணி நேரத்திலிருந்து எழுதலாம். பாடம் எப்போது என்பதை நிலையம் தீர்மானித்தது. தவறவிட்ட பாடம் தவறியதுதான். ஆசிரியருக்கு மிஞ்சியது பெட்டியைத் திருகிப் பிள்ளைகளை அமைதியாக உட்கார வைக்கும் வேலை. அடுத்த ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளில் கருவிகள் பலமுறை மாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆசிரியரை எங்கே நிறுத்தினார்கள் என்று பார்த்தால், எது வேரூன்றியது, எது உதிர்ந்தது என்பது விளங்கும்.

தில்லியில் 1961இல் பள்ளித் தொலைக்காட்சி தொடங்கியது. அது நகரத்து முயற்சி. கிராமத்தை எட்டியது 'சைட்' எனப்பட்ட செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி இஸ்ரோ இதை நடத்தியது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் பெட்டிகள் வைக்கப்பட்டன. கோழிவலைக் கம்பியில் செய்த மூன்று மீட்டர் அகலக் கிண்ண வடிவ அலைவாங்கி ஒன்று ஊர்ப் பொதுக் கட்டடத்தின் அருகே நின்று வானத்திலிருந்து நேரே படத்தை வாங்கியது. காலையில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் தலா 22½ நிமிடம். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை.

தேர்வு மதிப்பெண் கூடியதா என்று ஆராய்ந்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. பிள்ளைகளின் மொழித்திறனும் பிற வழிகளில் அறிவைத் தேடும் ஆர்வமும் வளர்ந்திருந்தன. என்னைப் பொறுத்தவரை, சைட்டின் பெரும் சாதனை வேறொன்று. 1975 அக்டோபரிலும் 1976இன் நடுவிலுமாக இரண்டு சுற்றில் ஏறத்தாழ 48,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியலும் கணக்கும் கற்பிக்கும் பயிற்சி தரப்பட்டது. தொலைக்காட்சியோடு வானொலி, அச்சிட்ட கையேடு, செய்துபார்க்கும் பயிற்சி எல்லாம் சேர்ந்தே போயின. ஆசிரியர்கள் தங்கள் ஊர்ப்புறத்திலேயே கூடி, பார்த்ததை அங்கேயே பேசி, செய்து கற்றார்கள். அதில் ஆசிரியரும் கற்பவராக இருந்தார்.

2004 செப்டம்பர் 20இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எடுசாட், கல்விக்கென்றே இந்தியா செலுத்திய முதல் செயற்கைக்கோள். கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகள் அதன் வழியாகப் பாடம் பெற்றன. சில மையங்களில் கேள்வி கேட்கவும் வசதி இருந்தது. பெரும்பாலானவை பார்க்க மட்டுமே. 2010இல் எடுசாட்டின் பணி முடிந்தது. செயற்கைக்கோளின் ஆயுளைப் பள்ளியின் கால அளவோடு பொருத்துவது கடினம்: ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து பத்தாம் வகுப்பை முடிப்பதற்குள் வானத்துக் கருவி ஓய்ந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் திருப்பம் அச்சு நூலின் வழியே வந்தது. 2017 செப்டம்பர் 5இல் மத்திய அரசு தீக்ஷா என்ற இணையவழிக் கல்வித் தளத்தைத் தொடங்கியது. 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களில் அத்தளத்தின் காணொளிகளைத் திறக்கும் க்யூஆர் கோடு அச்சிடப்பட்டது. அடுத்த ஆண்டில் மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. பாடத்தின் பக்கத்திலேயே காணொளிக்கு வாசல். எப்போது காட்டுவது, எங்கே நிறுத்தி விளக்குவது, மறுபடி போடுவதா என்பதை ஆசிரியரே முடிவு செய்தார். 1930இல் நிலையத்திடம் இருந்த கடிகாரம் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. இதைச் செயற்கைக்கோள்களைவிடப் பெரிய முன்னேற்றம் என்றே கருதுகிறேன்.

2019 ஆகஸ்ட் 26இல் தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியபோது, ஏழு மாதத்தில் அதுவே பல வீடுகளுக்குப் பள்ளியாகும் என்று யாரும் எண்ணியிருக்க முடியாது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியரின் கையில் இருந்த கோடு வீட்டில் திறன்பேசி உள்ளவரின் கைக்குப் போனது. அப்பா வேலைக்குப் போகும்போது திறன்பேசியும் கூடவே போயிற்று. 2020 ஜூலையில், அரசுப் பள்ளிகளின் 12ஆம் வகுப்பு மாணவர்கள் தங்கள் விலையில்லா மடிக்கணினியைச் சுமந்துகொண்டு பள்ளிக்கு வந்து, அங்குள்ள உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பாடக் காணொளிகளை ஏற்றிச் சென்றார்கள். இணையவழிக் கல்வியும் கடைசி எட்டில் கால்நடையாகவே போனது.

பள்ளி மூடலில் பிள்ளைகள் இழந்த பாடத்துக்குப் பிறகு வந்த மருந்தும் மனிதரே. 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது: 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளோடு மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர் உட்கார்ந்தார். 2023இல் வந்த மணற்கேணி செயலி, பாடங்களைச் சிறு சிறு காணொளிகளாக்கி எவரும் இலவசமாகப் பார்க்கத் தருகிறது. நல்ல வேலை அது. அதைத் திறந்து பிள்ளைகள் முன் நிற்கப்போகும் ஆசிரியருக்கு, 1975 அக்டோபரில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குத் தந்த அளவுக்காவது நாள்களையும் கையேட்டையும் கூடிப் பேசும் இடத்தையும் கல்வித்துறை ஒதுக்க வேண்டும்.